இரண்டு பேர் சாமான்

சைக்கிளில் சாமானை எப்படிக் கட்டுவது என்று ஒடிலிடம் மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடக் கூடாது. ஊர் சைக்கிள் கழகத்தில் பழைய ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும். புதிதாகச் சேர்ந்த யாராவதுதான் விவரம் தெரியாமல் கேட்டுத் தொலைப்பார்கள். "மூணு நாள் போகப்போறேன், என்னோடது ரேஸ் சைக்கிள், முதுகுப் பை ஒண்ணு போதுமில்ல?" என்பார்கள். அவ்வளவுதான். ஒடில் கையிலிருக்கும் காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பிப்பாள்.

"முதுகுல மாட்டினா முதல் மேட்டுலயே முதுகு நனைஞ்சு தொப்பலாயிடும். சாயங்காலம் கழுத்தத் திருப்ப முடியாது. நீ என்ன பள்ளிக்கூடத்துக்கா போற? ஹேண்டில்ல பை மாட்டு, நல்லதுதான், ரொட்டி, மேப்பு, கேமரா எல்லாம் கைக்கு எட்டும். ஆனா கனத்த ஏத்தினா இறக்கத்துல சக்கரம் உன் பேச்சக் கேக்காது. சீட்டுக்குக் கீழ நீளப் பை கட்டறது இப்போ பாஷன். கட்டு. இறுக்கிக் கட்டலேன்னா நாய் வாலாட்டற மாதிரி ஆடிக்கிட்டே வரும். கேரியர் போட்டுப் பக்கப் பை மாட்டணும்னா உன் சைக்கிள்ல அதுக்கு ஓட்டையே கிடையாது, கிளிப்பு போட்டு மாட்டணும். சக்கரக் கம்பி உடையும். உடையட்டும்."

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே கேட்கலாம். கடைசியில் அவள் எழுந்து, கேட்டவனுக்கு நேராக விரலை நீட்டிச் சொல்வாள். "எப்படி வேணாக் கட்டு. ஆனா உன் மழைச்சட்ட உன் சைக்கிள்ல இருக்கணும். அடுத்தவங்க சைக்கிள்ல இல்ல. புரியுதா?"

அப்போது அந்த அறையில் ஒரு பயலும் வாயைத் திறக்க மாட்டான். புதியவன் மட்டும் திருதிருவென்று முழிப்பான். பிறகு கழகத் தலைவர் ஒனொரே அவனை வெளியே கூட்டிக்கொண்டு போய், சிகரெட்டைப் பற்றவைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லுவார்.

லு புய் நகரத்துக்குத் தெற்கே, எரிமலை மேடுகள் முடிகிற இடத்தில் இருக்கிறது அவர்கள் ஊர். ஊர் என்றால் ஒரு சர்ச், ஒரு ரொட்டிக்கடை, இரண்டு மதுக்கடை, ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடச் சமையலறையில்தான் ஒடில் பருப்பும் பன்றித் தொத்திறைச்சியும் கிண்டிக்கொண்டிருந்தாள், கல்யாணமான நாளிலிருந்து. அவள் அப்பா பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கிறவர். வீட்டில் கார் கிடையாது, சைக்கிள்தான் எல்லாம். ஏழு வயதில் பால் தூக்கை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு ஒரு சொட்டு சிந்தாமல் மேடு ஏறியவள். அதனால் கழகத்தில் சேர வந்தபோது அவளுக்கு யாரும் எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காலத்தில் அவள் ஏறுவதைப் பார்க்கவே நன்றாக இருக்கும்.

பாஸ்கலை அங்கேதான் பார்த்தாள். மின்கம்பம் ஏறுகிற வேலை அவனுக்கு. ஒல்லி, நெட்டை, வாயாடி. மேடு என்றால் அவனுக்கு வெல்லம். முதல் நாள் பயணத்தில் வெயில் ஏறியதும் அவள் கோட்டைக் கழற்ற, அதை எங்கே வைப்பது என்று தடுமாற, அவன் பக்கத்தில் வந்து, "இப்படிக் குடு, என் பைல இடம் இருக்கு" என்று வாங்கிக்கொண்டான். அன்று சாயங்காலம்வரை அவளால் அவனை விட்டு நகர முடியவில்லை, கோட்டு அவனிடம் இருந்ததால். அதைச் சொல்லிச் சொல்லியே கழகத்துக்காரர்கள் கல்யாணத்தன்று கேலி செய்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகும் அதே வழக்கம்தான். அந்தக் கழகத்தில் புருஷன் பெண்டாட்டியாகச் சைக்கிள் ஓட்டுகிற எல்லாரும் செய்கிற காரியம் அது. இரண்டு பேரில் யாருக்குக் காலில் பலம் அதிகமோ அவர் சைக்கிளில் மொத்தச் சாமானையும் ஏற்றிவிடுவார்கள். மழைச்சட்டை, ரொட்டி, டியூப், பம்பு, ஸ்பானர், மாற்றுத்துணி எல்லாம். பலமானவரைக் கனம் பின்னுக்கு இழுக்கும், மற்றவர் கை வீசிக்கொண்டு வருவார், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே மேடு ஏறலாம். பார்க்கப் போனால் அழகான ஏற்பாடு. அந்தச் சாமான் வெறும் சாமான் இல்லை, பாஸ்கலைப் பிடித்துவைக்கிற கயிறு என்பது அப்போது ஒடிலுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

இன்னொரு வழக்கமும் இருந்தது. முன்னால் போகிறவன் கணவாய் உச்சியில், பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். ஏறின பக்கமே திரும்பி இறங்கக் கூடாது. இறங்கினால், யார் எத்தனை கணவாய் ஏறினார்கள் என்று கழகம் வைத்திருக்கிற கணக்கில் அது சேராது. அப்படி இறங்கினவனை வருஷம் முழுக்க, "என்னப்பா, வீட்டுல அடுப்ப அணைக்க மறந்துட்டியா?" என்று கேட்டுக் கொல்லுவார்கள்.

ஒரு வருஷம் கழக விருந்தில் ஒனொரே இரண்டு கிளாஸ் கூடுதலாக ஊற்றிக்கொண்டு, எல்லார் முன்னாலும் சொன்னார்: "எங்க மகாராணிக்கு ஒரு வணக்கம்! கைக்குட்டை கூடத் தூக்காம நாப்பது கணவாய் ஏறினவங்க!" எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்கலும் சிரித்தான். ஒடிலுக்குச் சுருக்கென்று குத்தியது. பால் தூக்கோடு மேடு ஏறிய கால் அது. வீட்டுக்கு வந்ததும், "இனிமே பாதிக்குப் பாதி. என் பங்க நான் தூக்குவேன்" என்றாள்.

"அந்தக் குடிகாரன் பேசினதுக்கா?" என்றான் பாஸ்கல்.

"நீ ஏன் சிரிச்ச?"

மே மாதம், ரொஷூஸ் கணவாய்க்குக் கிளம்பிய காலையிலும் அதே சண்டை தொடர்ந்தது. சாமானை மேசைமேல் கொட்டி, எடையைப் பார்த்துப் பிரித்தார்கள். கனமான பழுதுபார்க்கிற சாமான் எல்லாம், டியூப், பம்பு, ஸ்பானர், அவன் பங்கு. மழைச்சட்டை இரண்டும், ரொட்டியும் சீஸும் அவளுடைய ஹேண்டில் பையில். எடை சமமாக இருக்கிறதா என்றுதான் பார்த்தார்களே தவிர, எது யாருக்கு எப்போது தேவைப்படும் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. பாஸ்கல் கடுப்பில், "சரி, இப்போ எனக்குப் பாரம் குறைஞ்சாச்சு. என்னால முடிஞ்ச வேகத்துல நான் போவேன். மேல காத்திருக்கேன். ராணியம்மா மெதுவா வாங்க" என்றான்.

போய்விட்டான். கயிறு அறுந்த மாதிரி போனான். முதல் வளைவிலேயே அவள் கண்ணுக்கு மறைந்தான்.

பாதி மேட்டில் ஒடிலின் பின்சக்கரம் பஞ்சரானது. டியூபும் பம்பும் மேலே. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். அதே நேரத்தில் பூர்ல் என்று அந்தப் பக்கத்தில் பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த வடகாற்று பனியையும் மழையையும் கலந்து அடித்துக்கொண்டு வந்தது. அவள் தன் சட்டையைப் போட்டுக்கொண்டாள். கையில் அவன் சட்டை இருந்தது. மேலே அவன் வியர்வையில் நனைந்த பனியனோடு நின்றிருந்தான். ரொஷூஸ் உச்சியில் ஒதுங்க ஒரு மாட்டுக் கொட்டகைகூடக் கிடையாது.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் பலகைத் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். நடுங்கவில்லை. குளிர் எல்லை மீறினால் நடுக்கம் நின்றுவிடும் என்று தெரியாமல், அதைப் பார்த்து அவளுக்கு நிம்மதிகூட வந்தது, பாவம். சட்டையை அவன்மேல் போர்த்தினாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்து, "எனக்குக் குளிரவே இல்ல. ஏன் இவ்ளோ நேரம்?" என்றான். அதுதான் அவன் பேசிய கடைசிப் பேச்சு. மாட்டுக்காரர் ஒருவருடைய வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சும் பலவீனமாக இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். யார் என்ன சொன்னால் என்ன? சட்டை அவள் பையில் இருந்தது.

அவர்களுடைய ஒரே மகள் நோயெமிக்கு அப்போது பன்னிரண்டு வயது.

இரண்டு வருஷம் ஒடில் சைக்கிளைத் தொடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கழகத்து வாசலில் வந்து நின்றாள். பாஸ்கலின் ரேஸ் சைக்கிளையே எடுத்து, சீட்டைத் தாழ்த்தி, அதில் கிளிப்பு போட்டுக் கேரியர் பூட்டி, இரண்டு பக்கமும் பெரிய பைகள் தொங்கவிட்டிருந்தாள். ஒனொரே அதைப் பார்த்தார். சாதாரண நாளாக இருந்தால், "என்னம்மா, வீடு மாத்தறியா?" என்று கேட்டிருப்பார். அன்றைக்குக் கேட்கவில்லை. விருந்தில் விட்ட வார்த்தைக்குப் பிறகு அவர் அவளிடம் எந்தக் கேலியும் பேசுவதில்லை.

பைகளில் இருந்தது இரண்டு பேர் சாமான். இரண்டு மழைச்சட்டை, இரண்டு பம்பு, இரண்டு ஜோடி கையுறை, இரண்டு பேருக்கான ரொட்டி. சட்டைகள் இரண்டும் எப்போதும் வலது பையில், மேலாக. பாஸ்கலின் நீலச்சட்டையை வருஷத்துக்கு ஒருமுறை மெழுகு தடவித் தண்ணீர் புகாமல் வைத்திருந்தாள். போடுகிற ஆள் இல்லாத சட்டைக்கு மெழுகு.

அவள் யாரோடும் சேர்ந்து ஓட்டுவதில்லை. எல்லாரும் கிளம்பிப் போன பிறகு கடைசியாகக் கிளம்புவாள். மேட்டில் அந்த மூட்டையோடு ஊர்ந்து ஊர்ந்து ஏறுவாள். கம்பி உடையும்; ஓரமாக உட்கார்ந்து மாற்றுவாள்; மறுபடி ஏறுவாள். ஏன் இந்தக் கஷ்டம் என்று கேட்டால் என்ன சொல்லுவாள்? ஒவ்வொரு மேட்டிலும் அவளுக்கு முன்னால் ஒரு சைக்கிள் போகும் சத்தம் கேட்கும். பின்னால் இல்லை, எப்போதும் முன்னால், அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம். பெடலை நிறுத்தினால் சக்கரம் கிர்ர்ரென்று சுற்றுமே, அந்தச் சத்தம். "இரு, வந்துட்டேன்" என்று வாய்விட்டே சொல்லுவாள். மேலே போனால் வெறும் பலகை நிற்கும். ரொட்டியை இரண்டாகப் பிய்த்துத் தன் பாதியைத் தின்றுவிட்டு, மறுபாதியைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு இறங்குவாள். ஏன் இவ்வளவு நேரம் என்று அவன் கேட்டது காதில் இருந்துகொண்டே இருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் ஏறாத கணவாய் இல்லை, ரொஷூஸைத் தவிர.

இப்படியே பதினாறு வருஷம்.

நோயெமி லியோனுக்குப் படிக்கப் போனாள், அங்கேயே பல் கட்டுகிற கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டுக்கு வந்தால் சைக்கிள் பேச்சே எடுக்க மாட்டாள். அம்மாவும் எடுக்க மாட்டாள். பதினாறாவது வருஷம் ஏப்ரல் கடைசியில் அவள் ரயிலைவிட்டு இறங்கும்போது கையில் கறுப்பு நிறத்தில், ஒற்றை விரலால் தூக்கிவிடலாம் போன்ற ஒரு ரேஸ் சைக்கிள் இருந்தது.

ஒடில் அதை மேலும் கீழும் பார்த்தாள். "எப்போலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா."

"என்கிட்ட சொல்லல."

"சொன்னா நீ தூங்குவியா?"

இரவுச் சாப்பாட்டின்போது நோயெமி விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "ரொஷூஸ் ஏறப்போறேன்மா. அந்தப் பக்கம் இறங்கி ரெண்டு நாள்ல ரோன் ஆத்துக்குப் போயிடலாம். நீயும் வா. வரலேன்னா தனியாப் போவேன்."

ஒடிலின் கரண்டி தட்டில் நின்றது. பெண்ணைத் தடுக்க முடியாது என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்பன் பிடிவாதம் அது. தனியே விடவும் முடியாது. கூடப் போனாலோ, அந்த மேட்டில் தன் பெண்ணுக்குக் காவலாகத் தன்னால் இருக்க முடியுமா? ஒருத்தரை அங்கே விட்டுவிட்டு வந்தவள். இன்னொருத்தரையும் விட்டுவிட்டால் அப்புறம் எதற்கு உயிரோடு இருப்பது என்று, சூப் ஆறிக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தபடியே நினைத்தாள்.

"வர்றேன். ஆனா சாமான் நான் சொல்ற மாதிரிதான்" என்றாள்.

"நான் சொல்ற மாதிரியும்" என்றாள் நோயெமி. "என் சைக்கிள்ல கேரியர் நிக்காது. சீட்டுக்குக் கீழ ஒரு பை, அவ்ளோதான். என்னோடது என்கிட்ட, உன்னோடது உன்கிட்ட."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்."

"இன்னும் முடிக்கல. அப்பா சட்ட வீட்டுலயே இருக்கட்டும். நாம ரெண்டு பேரு போறோம். மூணு பேரு இல்ல."

ஒடில் சரியென்று தலையை ஆட்டினாள். பெண்ணுடைய மழைச்சட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மஞ்சள் நிறம், மடித்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். "இது சட்டையா, வெங்காயத் தோலா?"

"இதுக்குக் குடுத்த காசுக்கு உன் சைக்கிள ரெண்டு வாங்கலாம், சும்மா இரு."

கிளம்புகிற காலையில் நோயெமி குளித்துக்கொண்டிருந்தாள். பை முந்தின நாளே கட்டியாயிற்று, தயாராகக் கதவருகில் இருந்தது. ஒடிலுக்கு மனது கேட்கவில்லை. சரிபார்த்துவிட்டு அப்படியே கட்டிவைத்துவிடலாம் என்று அதை அவிழ்த்துச் சமையலறை மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பினாள். டியூப் இருக்கிறது. பம்பு இருக்கிறது. மாற்றுப் பனியன், பாதாம், மஞ்சள் சட்டை, எல்லாம் இருக்கிறது. பக்கத்தில் ஒடிலின் சாமானும், அவளுடைய சிவப்புச் சட்டையோடு, கிடந்தது. பாஸ்கலின் நீலச்சட்டையை மட்டும் எடுத்து, ஒருமுறை முகத்தில் ஒற்றிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஓடிப்போய் அணைத்து, துடைத்து, குளியலறைத் தண்ணீர் நின்ற சத்தம் கேட்டு, அவசர அவசரமாக எல்லாவற்றையும் பைகளில் அடைத்தாள். பெண்ணின் பையை இறுக்கிப் பூட்டிக் கதவருகில் வைத்தாள்.

மேகம் இருந்தது, மழை இல்லை. ரொஷூஸ் மேடு ஆரம்பிக்கிற பாலத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். நோயெமி கொஞ்ச தூரம் அம்மாவின் வேகத்துக்கு ஓட்டிப் பார்த்தாள். அந்த மெல்லிய சைக்கிளை அவ்வளவு மெதுவாக ஓட்ட அவளால் முடியவில்லை, விழுந்துவிடுவாள் போலிருந்தது.

"போ" என்றாள் ஒடில். அவளாகவே சொன்னாள். "உன் சாமான் உன்கிட்ட இருக்கு. போ."

"மேல காத்திருக்கேன்மா."

அன்றைக்கு பாஸ்கல் சொன்ன அதே வார்த்தை. ஆனாலும் ஒடில் தன்னைத் தேற்றிக்கொண்டாள். சட்டை அவளிடம் இருக்கிறது, டியூப் அவளிடம் இருக்கிறது, இதற்குத்தானே இத்தனை பாடு. பெண் வளைவில் மறைந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது, கிர்ர்ரென்று. மகளுடையதா அவனுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த மேட்டில் இரண்டுமே இருக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. புல்வெளிகளில் மஞ்சள் நார்சிசஸ் பூத்துக் கிடந்தது. தான் அன்றைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த இடத்தைத் தாண்டும்போது அவள் தலையைத் திருப்பவில்லை.

அதற்கு மேலே நாலைந்து வளைவு தாண்டியதும் காற்று திரும்பியது. ஒடிலுக்குக் காதிலேயே தெரிந்துவிட்டது, பூர்ல். மேகம் மலைமேல் இறங்கி உட்கார்ந்தது. முதலில் தூறல், அப்புறம் ஊசி ஊசியாகப் பனி. அவள் ஓரம் கட்டி, வலது பையைத் திறந்து தன் சிவப்புச் சட்டையை இழுத்தாள். அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது.

மஞ்சள்.

ஒடில் அதைக் கையில் பிடித்தபடி நின்றாள். யாரும் வைக்கவில்லை, அவள் கைதான் வைத்தது. பதினாறு வருஷமாக அந்தக் கை இரண்டு சட்டைகளை எடுத்து வலது பைக்குள் மேலாக வைத்துப் பழகியிருந்தது. காலையில் மேசைமேல் இரண்டு சட்டை கிடந்தது. இரண்டையும் எடுத்து வைத்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. மேலே தன் பெண் வியர்வையில் நனைந்த பனியனோடு நிற்கிறாள், பலகைக்குக் கீழே. போன் எடுத்துப் பார்த்தாள். அந்த மேட்டில் டவரே கிடையாது.

"ஐயோ" என்றாள். "ஐயோ, மறுபடியுமா? நான் என்ன பொம்பள?"

பிறகு அவள் செய்ததை ஒனொரே பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். இரண்டு பக்கப் பைகளையும் கொக்கியிலிருந்து கழற்றிச் சாலையோரப் பள்ளத்தில் வீசினாள். பம்பு, டியூப், கையுறை, ரொட்டி, உடுப்பு, எல்லாம் போனது. ஹேண்டில் பையையும் கழற்றி எறிந்தாள். தன் சட்டையைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை, அதற்கு நேரமில்லை. இரண்டு சட்டைகளையும் பனியனுக்குள் திணித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

சைக்கிள் துள்ளியது. பதினாறு வருஷமாக அவள் மறந்தே போயிருந்தாள், பாரமில்லாத சைக்கிள் எப்படி ஏறும் என்பதை. சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தாள். பனி கண்ணில் குத்தியது. நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. "இரு, வந்துட்டேன், இரு, வந்துட்டேன்" என்று யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்லிக்கொண்டு மிதித்தாள். முன்னால் கிர்ர்ரென்ற சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. இத்தனை வருஷத்தில் அது ஒருநாளும் நெருங்கினதில்லை. ஒரு வளைவுக்கு அப்பால், அரை வளைவுக்கு அப்பால். அவன்தான் வருகிறான் என்று நினைத்தாள். பயமாகவும் இருந்தது, வந்தால் வரட்டும் என்றும் இருந்தது.

வளைவில் திரும்பி வந்தவள் நோயெமி.

உதடு நீலம் பாரித்து, பல் கிடுகிடுக்க, பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்காமல் ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே இறங்கி வந்தாள். ஒடில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். பெண்ணைப் பிடித்து நிறுத்தி, மஞ்சளை மாட்டி, அதன்மேல் சிவப்பையும் மாட்டி, அவள் கைகள் இரண்டையும் தன் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டாள். நோயெமி நடுங்கினாள், உடம்பெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டது. நடுங்கட்டும், நன்றாக நடுங்கட்டும் என்று ஒடில் அவளை இறுக்கிக்கொண்டாள்.

"நீயேன்மா சட்ட போடல?"

"நீ ஏன்டி இறங்கி வந்த? மேல காத்திருக்கறேன்னியே!"

"மேல போனேன். பைய தெறந்தேன். சட்ட இல்ல. நீதான் எடுத்திருப்பேன்னு தெரிஞ்சது. அங்க நின்னா வெறச்சுப் போவேன். நீ கீழ இருக்க. இறங்கி வந்துட்டேன்." பல் கிடுகிடுப்பில் வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன. "இதுல என்ன இருக்கு? இறக்கம்தானே. கொஞ்ச நேரந்தான்."

ஒடிலின் கை நின்றது.

இறக்கம்தான். கொஞ்ச நேரம்தான். அன்றைக்கும் இதே மேடு, இதே இறக்கம். இன்னும் கீழே, அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த இடத்துக்கே ஆனாலும், நேராக விட்டால் வந்துவிடலாம். சட்டை அவளிடம் இருந்தது பாஸ்கலுக்குத் தெரியும். பம்பு தன்னிடம் இருப்பதும் தெரியும். அவள் வர நேரமாகிறதென்றால் ஏதோ ஆகிவிட்டது என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும். அவன் என்ன செய்தான்? தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஏறின பக்கம் இறங்கினால் கணக்கில் சேராது. இறங்கினால் சிரிப்பார்கள். அதைவிட, ராணியம்மா தானே கேட்டாள், தூக்கிக்கொண்டு வரட்டும், வந்து பார்க்கட்டும். வந்ததும், ஏன் இவ்ளோ நேரம்.

அவளுக்குக் காலிலிருந்து உச்சிவரை சூடு ஏறியது. அந்தக் குளிரிலும்.

"அம்மா, என்னம்மா? ஏன் இப்படிப் பாக்கற?"

"உங்கப்பா இறங்கி வந்திருக்கலாம்டி" என்றாள் ஒடில்.

நோயெமி தன் கைகளை அம்மாவின் அக்குளிலிருந்து எடுக்கவில்லை.

"தெரியும்மா" என்றாள். "எனக்குப் பன்னெண்டு வயசுலயே தோணிச்சு. ஒனொரே மாமா வந்து சொன்னாரில்ல, எல்லாத்தயும், அன்னிக்கே. நீ அப்பா சட்டைக்கு மெழுகு தடவிக்கிட்டு உக்காந்திருப்ப. உன்கிட்ட எப்படிக் கேக்கறது?"

இத்தனை வருஷமும் தப்பு ஒடில்மேல் இருந்தது. அதனால் அவன் நல்லவனாக இருந்தான். ஒவ்வொரு மேட்டிலும் அவளுக்கு முன்னால், எட்டாத தூரத்தில், ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தான். இப்போது அவன் சும்மா ஒரு மனுஷன் ஆகிவிட்டான், வீம்பு பிடித்து மழையில் உட்கார்ந்திருந்த ஒரு மனுஷன். அவள் கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. ஏன்டா வரல? பொண்டாட்டி கீழ செத்துப்போயிருந்தாலும் வந்திருக்க மாட்டியா? குழந்தையப் பத்தி ஒரு நிமிஷம் யோசிச்சியா?

மகளை இறுகப் பிடித்துக்கொண்டு, ஐம்பத்தாறு வயதில், ஒடில் முதல்முறையாகத் தன் புருஷன்மேல் கோபப்பட்டாள். திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.